நிலவேம்புக் குடிநீருக்கு வாங்கும் சரக்குகளை ஆய்வகத்தில் சோதிக்கும் முறை

நிலவேம்புக் குடிநீர்ச் சூரணத்தில் நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம் என ஒன்பது சரக்குகள் சம எடையில் சேர்கின்றன. 2012இல் தமிழ்நாட்டில் டெங்கு பரவிய காலத்தில் அரசு மருத்துவமனைகளில் இது பரவலாக வழங்கப்பட்டது முதல், மழைக்காலம் தொடங்கினாலே இதன் தேவை கூடிவிடுகிறது. தேவை கூடும்போது சரக்கின் விலை ஏறுகிறது. விலை ஏறும்போது மாற்றுச் சரக்கும் பழைய சரக்கும் மூட்டைக்குள் நுழைகின்றன. இந்தக் குடிநீர் எந்த நோய்க்கு எவ்வளவு பயன்படும் என்பது மருத்துவ ஆய்வு தீர்க்க வேண்டிய கேள்வி. சேர்க்க வேண்டிய செடிதான் சேர்ந்திருக்கிறதா, அது கெடாமலும் நஞ்சு கலக்காமலும் இருக்கிறதா என்பதை ஆய்வகத்தின் துணையோடு எப்படி உறுதி செய்வது என்பதே இங்கே எடுத்துக்கொண்ட பொருள். உரிமம் பெற்றுச் சிறிய அளவில் சித்த மருந்து தயாரிப்பவர்களையும், அவர்களுக்குச் சரக்கு கொடுக்கும் கடைக்காரர்களையும், மூலிகை பயிரிடும் உழவர் குழுக்களையும் மனத்தில் வைத்து இது எழுதப்படுகிறது.

தயாரிப்பாளர்கள் பலர் ஒன்பதையும் இடித்துச் சலித்த பிறகு சூரணத்தில் ஒரு பொட்டலத்தை ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். செலவு குறைவு என்பது காரணம். ஆனால் அந்தப் பொட்டலத்தைக் கொண்டு ஆய்வகம் சொல்லக்கூடியதும் குறைவுதான். ஒன்பது செடிகளின் துகள்கள் கலந்து கிடக்கும் பொடியில் விலாமிச்சை வேரின் இடத்தில் வெட்டிவேரே இரண்டு பங்காகச் சேர்ந்திருப்பதை நுண்ணோக்கியில் பிரித்தறிவது, தேர்ந்த மூலிகைத்தாவரவியல் வல்லுநருக்கே எளிதன்று. அதே வேரை முழுதாகக் கையில் கொடுத்தால் ஒரே ஒரு குறுக்குவெட்டில் விடை கிடைத்துவிடும். ஆகவே சரக்கை எப்போதும் முழுதாக வாங்க வேண்டும், தனித்தனியாகச் சோதிக்க வேண்டும், முடிவு வந்த பிறகே இடிக்க வேண்டும். சோதனைகளிலும் ஒரு வரிசை உண்டு. எந்தச் செடி என்பது முதலில். தரம் எப்படி என்பது அடுத்து. நஞ்சும் கிருமியும் கடைசியில். முதல் கேள்வியில் தோற்ற சரக்குக்கு மற்ற சோதனைகளுக்காகப் பணம் கட்ட வேண்டியதில்லை.

சரக்கின் பெயரை முடிவு செய்தல்

ஆய்வகத்துக்கு எழுதும் விண்ணப்பத்தில் 'பற்படாகம்' என்று மட்டும் குறிப்பிட்டால், அந்த ஆய்வகம் எந்தச் செடியோடு அதை ஒப்பிடும் என்பது அது எந்த நூலைத் திறக்கிறது என்பதைப் பொறுத்தது. தமிழ்நாட்டுச் சித்த வழக்கில் பற்படாகம் என்பது மொல்லுகோ செர்வியானா. கேரளத்தில் அதே பெயரில் ஓல்டன்லாண்டியா கோரிம்போசா விற்கப்படுகிறது. வட இந்திய ஆயுர்வேத வழக்கில் பர்ப்படம் என்றால் ஃபுமேரியா. மூன்றும் வெவ்வேறு தாவரக் குடும்பங்களைச் சேர்ந்தவை. எனவே சரியான சரக்கும் தவறான நூலால் தோல்வி அடையலாம். தவறான சரக்கும் தவறான நூலால் தேர்ச்சி பெறலாம். ஒன்பது சரக்குகளுக்கும் தாவரவியல் பெயர், பயன்படும் உறுப்பு, எந்தத் தரநூலின்படி சோதிக்க வேண்டும் என்ற மூன்று விவரங்களையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, கொள்முதல் சீட்டு முதல் ஆய்வக விண்ணப்பம் வரை அதையே பயன்படுத்துவது நல்லது. சித்த மருந்துகளுக்கு இந்திய சித்த ஃபார்மகோபியா என்ற தரநூலே முதல் ஆதாரம். அதில் இல்லாத சரக்குக்கு ஆயுர்வேத ஃபார்மகோபியாவையோ இந்திய ஃபார்மகோபியாவையோ நாடலாம். எதை நாடினோம் என்பதைப் பதிவு செய்திருக்க வேண்டும்.

பெயரில் நேரும் குழப்பம் உயிரைப் பாதிக்கும் அளவுக்கு வளர்ந்ததற்கு உலகறிந்த சான்று ஒன்று உண்டு. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரில் உடல் எடை குறைக்கத் தரப்பட்ட சீன மூலிகை மாத்திரைகளில், ஸ்டெஃபானியா டெட்ரான்ட்ரா என்ற வேருக்குப் பதிலாக, சீன மொழியில் ஏறத்தாழ அதே பெயருடைய அரிஸ்டோலோக்கியா ஃபாங்ச்சி சேர்ந்துவிட்டது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் சிறுநீரகம் பழுதடைந்தார்கள். அவர்களில் பலருக்குப் பின்னாளில் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. அரிஸ்டோலோக்கியா இனத்தைச் சேர்ந்த ஆடுதின்னாப்பாளையும் ஈசுரமூலியும் நம் நாட்டு மருந்துக் கடைகளிலும் இருப்பவைதாம். ஒரே கிடங்கில் அவையும் வைக்கப்படுகின்றன என்றால், இடிக்கும் எந்திரமும் சல்லடையும் பொதுவா என்று கேட்பதும், ஐயம் இருந்தால் அந்த இனச் செடிகளின் நஞ்சான அரிஸ்டோலோக்கிக் அமிலத்துக்கென்று தனியே ஒரு சோதனை கேட்பதும் மிகையான எச்சரிக்கை ஆகாது.

உழவரிடமோ சேகரிப்பவரிடமோ நேரடியாக வாங்குபவர்கள், பூவும் காயும் உள்ள முழுச் செடி ஒன்றைப் பறித்து, தாள்களுக்கு இடையே அழுத்தி உலர்த்தி, இடமும் நாளும் குறித்து வைத்துக்கொள்ளலாம். கோயம்புத்தூரில் உள்ள இந்தியத் தாவரவியல் மதிப்பாய்வகத்தின் தென்மண்டல மையமும், திருச்சி புனித வளனார் கல்லூரியின் ராபினாட் ஹெர்பேரியம் என்ற உலர்தாவரக் காப்பகமும் இத்தகைய மாதிரிகளை ஒப்பிட்டுப் பெயர் உறுதி செய்யும் வசதி உடையவை. அப்படி உறுதி செய்யப்பட்ட செடியிலிருந்து கிடைத்த சரக்கில் ஒரு பகுதியை ஒப்பீட்டு மாதிரியாக வைத்துக்கொண்டால், பின்னால் வரும் எல்லாச் சோதனைகளுக்கும் அது துணை நிற்கும்.

மாதிரி எடுத்தல்

ஆய்வகம் சோதிப்பது நாம் அனுப்பும் சிறு மாதிரியைத்தான். அதை வைத்து முடிவு சொல்லப்படுவதோ நூறு கிலோவுக்கு. மூட்டையின் மேலே இருந்து கைக்கு வந்ததை அள்ளி அனுப்பினால், வியாபாரி மேலே வைத்த நல்ல சரக்கை மட்டும் சோதித்ததாக ஆகிவிடும். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல் இதற்கு எளிய விதி ஒன்றைத் தருகிறது. ஐந்து மூட்டைகள் வரை இருந்தால் ஒவ்வொன்றிலிருந்தும், ஆறு முதல் ஐம்பது வரை இருந்தால் ஐந்து மூட்டைகளிலிருந்தும், அதற்கு மேல் இருந்தால் பத்து விழுக்காடு மூட்டைகளிலிருந்தும் மாதிரி எடுக்க வேண்டும். ஒவ்வொரு மூட்டையிலும் மேல், நடு, அடி என மூன்று இடங்களிலிருந்து எடுக்க வேண்டும். எடுத்தவற்றைச் சுத்தமான விரிப்பில் ஒன்றாகக் கலந்து சதுரமாகப் பரப்பி, குறுக்கும் மறுக்குமாகக் கோடிழுத்து நான்காகப் பிரித்து, எதிரெதிரான இரண்டு பகுதிகளை மட்டும் வைத்துக்கொண்டு மறுபடி கலக்க வேண்டும். தேவையான அளவு வரும் வரை இதைத் திரும்பச் செய்தால் கிடைப்பதே நியாயமான மாதிரி.

மூட்டைகளைத் திறக்கும்போதே அவை ஒரே தன்மையில் இல்லை என்று தெரிந்தால், உதாரணமாக இரண்டு மூட்டை பச்சையாகவும் மற்றவை பழுப்பாகவும் இருந்தால், அவற்றைக் கலக்கக் கூடாது. தனித்தனி மாதிரிகளாக அனுப்ப வேண்டும். கிருமிச் சோதனைக்கான மாதிரியை மற்றவற்றுக்கு முன்பே, கையுறை அணிந்து, கிருமி நீக்கிய கொள்கலனில் எடுத்து மூடிவிட வேண்டும். இறுதி மாதிரியை மூன்று பங்காக்கி ஒன்றை ஆய்வகத்துக்கு அனுப்பி, ஒன்றைத் தம்மிடம் முத்திரையிட்டு வைத்து, மற்றொன்றைச் சரக்கு கொடுத்தவரின் கையொப்பத்தோடு தனியே பாதுகாப்பது பின்னால் வரக்கூடிய பல சண்டைகளைத் தவிர்க்கும்.

கண், கைலென்ஸ், நுண்ணோக்கி

ஆய்வகத்துக்குச் செல்பவர்கள் பெரும்பாலும் பெரிய கருவிகளின் பெயரைக் கேட்டுத்தான் மதிப்புக் கொடுக்கிறார்கள். ஆனால் இந்த ஒன்பது சரக்குகளைப் பொறுத்தவரை போலிகளில் பெரும்பகுதி, பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸிலும் சாதாரண நுண்ணோக்கியிலுமே பிடிபட்டுவிடும். செலவும் இதில்தான் மிகக் குறைவு. முதலில் அயல்பொருள் சோதனை. வேர், கிழங்கு, பட்டை என்றால் 500 கிராமும், இலை, பூ, விதை, பழம் என்றால் 250 கிராமும் எடுத்து மெல்லிய அடுக்காகப் பரப்பி, கல், மண், வேறு செடியின் பகுதிகள், பூச்சியின் எச்சம், பூஞ்சணம் ஆகியவற்றைப் பொறுக்கி எடுத்து எடைபோட வேண்டும். அதே செடியாகவே இருந்தாலும் தரநூல் சொல்லாத உறுப்பு அயல்பொருளாகவே கணக்கிடப்படும்.

நிலவேம்பின் தண்டு நாற்பட்டையாக, ஏறக்குறைய மயிரின்றி இருக்கும். அதன் உறவுச் செடியான கோபுரந்தாங்கியும் கசக்கும். ஆகவே வாயில் போட்டுப் பார்த்துக் கசக்கிறது என்று வாங்குவது சோதனை ஆகாது. கோபுரந்தாங்கியின் தண்டிலும் இலையிலும் மயிர்கள் அடர்ந்திருப்பதைக் கைலென்ஸே காட்டிவிடும். நுண்ணோக்கியில் பார்த்தால் நிலவேம்பு இலையின் புறத்தோலில் சிஸ்டோலித் எனப்படும் சுண்ணக் கட்டிகள் தெரியும். இவை அந்தக் குடும்பத்தின் பல செடிகளில் இருப்பவை. எனவே அவை இல்லையென்றால் நிலவேம்பு இல்லை என்று துணிந்து சொல்லலாம். இருப்பதால் மட்டும் நிலவேம்புதான் என்று சொல்ல முடியாது. இந்த வேறுபாட்டை அறிக்கை படிக்கும்போதும் நினைவில் வைக்க வேண்டும். சரக்கில் இலை எவ்வளவு, தண்டு எவ்வளவு என்பதும் இந்தக் கட்டத்திலேயே பார்க்க வேண்டியது. கசப்புப் பொருளான ஆண்ட்ரோகிராபோலைடு இலையில் மிகுதி, தண்டில் குறைவு. காய் முற்றி இலை உதிர்ந்த பிறகு அறுத்த செடி, பெயரளவில் அசலாக இருந்தும் பயனளவில் விறகுக்கு நெருங்கியது.

வெட்டிவேரையும் விலாமிச்சையையும் பிரிப்பதே இந்தச் சூரணத்தில் முக்கியமான அடையாளச் சோதனை என்பது என் கருத்து. விலாமிச்சை பயிரிட்டே கிடைக்கும் செடி. வரத்து குறைவு, விலை அதிகம். இரண்டும் மணமுள்ள மெல்லிய வேர்கள் என்பதால் ஒன்றின் இடத்தில் மற்றொன்று வருவது எளிது. ஆனால் வெட்டிவேர் புல்லினம், ஒருவித்திலைத் தாவரம். அதன் வேரைத் தண்ணீரில் ஊறவைத்துக் குறுக்காகச் சீவிப் பார்த்தால், வெளிப்பகுதியான புறணியில் பெரிய காற்றறைகளும், வட்டமாக அமைந்த பல நீர்க்குழாய்த் தொகுதிகளும், நடுவில் சோறு எனப்படும் மென்மையான பகுதியும் தெரியும். விலாமிச்சை துளசிக் குடும்பத்தைச் சேர்ந்த இருவித்திலைத் தாவரம். நடுவில் திரண்ட கட்டை வளர்ந்திருக்கும், அத்தகைய காற்றறைகள் இரா. லிக்னின் உள்ள பகுதிகளைச் சிவக்கச் செய்யும் ஃபுளோரோகுளுசினால் கரைசலையும் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் ஒரு சொட்டு விட்டால் இந்த அமைப்பு தெளிவாகப் பிரிந்து நிற்கும். இதைச் செய்ய ஆய்வகத்துக்கு அரை மணி நேரம் போதும்.

மிளகில் பப்பாளி விதை கலப்பது ஊரறிந்த கதை. முழு மிளகைத் தண்ணீரில் போட்டால் முற்றிய மிளகு அடியில் தங்கும், பப்பாளி விதை மிதக்கும். பிஞ்சு மிளகும் சேர்ந்து மிதக்கும் என்பதால் மிதந்ததைத் தனியே பார்க்க வேண்டும். பொடியாகிவிட்டால் அயோடின் கரைசல் உதவும். மிளகின் உட்பகுதி நிறைய மாவுச்சத்து கொண்டது, அது நீலக்கருமையாக மாறும். பப்பாளி விதையில் மாவுச்சத்து இல்லை. சுக்கில் பார்க்க வேண்டியது வேறு. வெளுத்துத் தெரிவதற்காகச் சுண்ணாம்பு பூசிய சுக்கும் சந்தையில் உண்டு. அதன் மேல் நீர்த்த அமிலத்தை விட்டால் நுரைக்கும், சாம்பல் அளவும் ஏறும். சாறு எடுத்த பின் உலர்த்தி விற்கப்படும் சக்கைச் சுக்கை வெந்நீரில் பிழிந்திருந்தால், பை வடிவில் இருக்க வேண்டிய அதன் மாவுமணிகள் வெந்து உருவழிந்திருப்பதை நுண்ணோக்கியில் காணலாம்.

பற்படாகத்தைப் பொறுத்தவரை முழுச் செடியாக வாங்கினால் போதும். மொல்லுகோவில் ஊசி போன்ற மெல்லிய இலைகள் கணுவைச் சுற்றி வட்டமாக நிற்கும். ஓல்டன்லாண்டியாவில் இலைகள் எதிரெதிராக இரண்டிரண்டாக நிற்கும், அவற்றுக்கு இடையே இலையடிச் செதில்கள் இருக்கும். பேய்ப்புடல்தான் இந்தக் கட்டத்தில் முழுதாகத் தீராதது. கசப்பான காட்டுக் கொடிகள் பூசணிக் குடும்பத்தில் பல இருக்கின்றன. உலர்ந்து நொறுங்கிய பின் அவற்றின் தண்டமைப்பு ஒன்றுக்கொன்று மிக நெருங்கியது. காயோ விதையோ ஒட்டியிருக்கும் சரக்கை வாங்குவதும், அடுத்து வரும் நிறப்பிரிகைச் சோதனையில் ஒப்பீட்டு மாதிரியோடு வைத்துப் பார்ப்பதும் இதற்கு வழி.

சாம்பல், ஈரம், கரைபொருள்

இந்தச் சோதனைகள் பழையவை, எளியவை, ஆனால் ஒவ்வொன்றும் ஒரு தெளிவான கேள்விக்கு விடை சொல்பவை. மொத்தச் சாம்பல் என்பது சரக்கை மூசையில் எரித்த பின் மிஞ்சும் தாதுப்பொருள். அதை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஐந்து நிமிடம் கொதிக்கவைத்து வடிகட்டினால் கரையாமல் நிற்பது பெரும்பாலும் மணல். வெட்டிவேர், விலாமிச்சை, கோரைக்கிழங்கு மூன்றுக்கும் மிக முக்கியமான எண் இந்த அமிலத்தில் கரையாச் சாம்பல்தான். வேர்களைச் சரியாக அலசாமல் எடைக்காக மண்ணோடு விற்பது இதில் உடனே தெரிந்துவிடும்.

ஈரத்தைப் பொதுவாக 10 கிராம் சரக்கை 105 டிகிரி செல்சியஸில் ஐந்து மணி நேரம் உலர்த்தி, பின் மணிக்கொருமுறை எடைபோட்டு, அடுத்தடுத்த இரண்டு எடைகளுக்கு இடையே வேறுபாடு 0.25 விழுக்காட்டுக்குள் வரும் வரை தொடர்ந்து கணக்கிடுவார்கள். ஆனால் சுக்கு, சந்தனம், வெட்டிவேர் போன்ற மணச்சரக்குகளில் அந்த வெப்பத்தில் நீரோடு எண்ணெயும் பறந்துவிடுவதால், எண் உண்மையைவிடக் கூடுதலாக வரும். அவற்றுக்கு டொலுயீன் என்ற கரைப்பானோடு சேர்த்துக் காய்ச்சி, வடிந்த நீரை மட்டும் அளக்கும் முறையைக் கேட்க வேண்டும். அதோடு எண்ணெயை வடித்து அளக்கும் கிளெவெஞ்சர் கருவியில் ஆவியெண்ணெயின் அளவையும் பார்த்துவிட்டால், எண்ணெய் வடித்தெடுத்த பின் உலர்த்தி விற்கப்படும் வெட்டிவேர் பிடிபடும். கண்ணுக்கு அது அசல்தான், செடியும் அசல்தான், உள்ளிருக்க வேண்டியது மட்டும் இல்லை.

நீரில் கரையும் பொருள், ஆல்கஹாலில் கரையும் பொருள் என இரண்டு அளவுகள் தரநூலில் இருக்கும். 5 கிராம் பொடியை 100 மி.லி. கரைப்பானில் 24 மணி நேரம் ஊறவைத்து வடிகட்டி, வடிநீரில் 25 மி.லி.யை ஆவியாக்கி எஞ்சுவதை எடைபோடுவார்கள். சக்கைச் சுக்குக்கு இது சரியான பொறி. குடிநீர் தண்ணீரில் காய்ச்சப்படுவது என்பதால் தயாரிப்பாளர் நீரில் கரையும் பொருளின் அளவைக் கூடுதல் அக்கறையோடு பார்க்கலாம். ஆண்ட்ரோகிராபோலைடு குளிர்ந்த நீரில் ஏறக்குறையக் கரையாத பொருள். ஆய்வகம் அதை மெத்தனாலில் இறக்கித்தான் அளக்கிறது. எனவே அறிக்கையில் உள்ள அந்த எண்ணைக் குடிநீரில் இறங்கும் அளவாகப் படிக்கக் கூடாது.

நிறப்பிரிகை

எச்.பி.டி.எல்.சி. எனப்படும் உயர்திறன் மென்படல நிறப்பிரிகையில், சிலிக்கா பூசிய தகட்டின் அடியில் சரக்கின் வடிசாறு கோடாக இடப்படுகிறது. கரைப்பான் தகட்டில் ஏறும்போது சாற்றிலுள்ள பொருள்கள் வெவ்வேறு உயரங்களில் பட்டைகளாகப் பிரிகின்றன. 254, 366 நானோமீட்டர் புற ஊதா ஒளியிலும், அனிசால்டிஹைடு–கந்தக அமிலக் கலவை தெளித்துச் சூடாக்கிய பிறகும் படம் எடுப்பார்கள். இதில் வாடிக்கையாளர் வற்புறுத்திக் கேட்க வேண்டியது ஒன்றுதான்: நம் மாதிரி, உறுதி செய்யப்பட்ட ஒப்பீட்டு மாதிரி, அந்தச் சரக்கை இனங்காட்டும் வேதிப்பொருளின் தூய வடிவம் (அடையாளப் பொருள்) மூன்றும் ஒரே தகட்டில் அருகருகே ஓட்டப்பட்டிருக்க வேண்டும். காற்றின் ஈரப்பதம் மாறினாலே பட்டைகளின் உயரம் மாறும். ஆகவே நூலில் அச்சிட்ட எண்ணோடு மட்டும் ஒப்பிடும் அறிக்கை வலுவற்றது. படத்தையும் அறிக்கையோடு இணைத்துத் தரச் சொல்ல வேண்டும். மிளகின் பைப்பரின் 366 நானோமீட்டரில் நீலமாக ஒளிர்வது போன்ற அடையாளங்களைப் பார்க்கப் பழகிய கண் படத்திலிருந்தே பலவற்றைப் படித்துவிடும்.

அளவு தெரிய வேண்டும் என்றால் எச்.பி.எல்.சி. எனப்படும் உயர்திறன் நீர்ம நிறப்பிரிகை. நிலவேம்புக்கு ஆண்ட்ரோகிராபோலைடு, மிளகுக்குப் பைப்பரின், சுக்குக்கு ஜிஞ்சரால்களும் ஷோகால்களும் என்று கேட்கலாம். ஆனால் ஒரே ஒரு பொருளின் விழுக்காட்டை மட்டும் பார்த்துச் சரக்கை ஏற்பதில் ஆபத்து உண்டு. தூய ஆண்ட்ரோகிராபோலைடு விலைக்குக் கிடைக்கும் பொருள். இலையற்ற தண்டுப் பொடியில் அதைச் சிறிது தூவிவிட்டால் எண் உயர்ந்துவிடும். நியோஆண்ட்ரோகிராபோலைடு முதலிய உடன்பிறப்புகளும் இயல்பான விகிதத்தில் இருக்கின்றனவா என்று முழு வரைபடத்தையும் பார்க்கும் ஆய்வாளர் இதைக் கண்டுகொள்வார். சந்தனத்துக்கும் இதே நியாயம் பொருந்தும். மணமற்ற மரத்தூளில் சந்தன எண்ணெயைத் தெளித்தாலும் மணம் வரும். எனவே மரத்தின் உள்ளமைப்பை நுண்ணோக்கியிலும், எண்ணெயை வாயு நிறப்பிரிகையிலும் சேர்த்தே பார்க்க வேண்டும். அசல் சந்தன எண்ணெயில் ஆல்ஃபா சாண்டலால் 41 முதல் 55 விழுக்காடும் பீட்டா சாண்டலால் 16 முதல் 24 விழுக்காடும் இருக்க வேண்டும் என்பது பன்னாட்டுத் தர வரையறை. சந்தனத்துக்கு வனத்துறைச் சட்டங்களும் உண்டு என்பதால் வாங்கிய இரசீதையும் கோப்பில் வைத்திருப்பது வேறு வகையிலும் தேவையானது.

டி.என்.ஏ. சோதனை எப்போது

தாவரங்களை இனங்காட்டும் டி.என்.ஏ. பார்கோடாக ஆர்பிசிஎல், மேட்-கே என்ற இரண்டு மரபணுப் பகுதிகளைப் பன்னாட்டு அறிவியலாளர் குழு 2009இல் பரிந்துரைத்தது; மூலிகை ஆய்வில் ஐ.டி.எஸ்.2 பகுதியும் பெரிதும் பயன்படுகிறது. உலர்ந்து நொறுங்கிய பேய்ப்புடல், பூவற்ற பற்படாகம் போன்றவற்றுக்கு இது நல்ல தீர்ப்பு தரும். எனினும் இது எந்தச் செடி என்று மட்டுமே சொல்லும். இலையா தண்டா, சாறு எடுத்த சக்கையா, புதியதா மூன்றாண்டுப் பழையதா என்று சொல்லாது. கொதிக்கவைத்து வடித்த சாற்றுப் பொடியில் டி.என்.ஏ. சிதைந்திருக்கும், அதில் ஒன்றும் கிடைக்கவில்லை என்பதால் அந்த மூலிகை சேர்க்கப்படவில்லை என்று முடிவு கட்டுவது தவறு. ஒன்பது சரக்குகளுக்கும் ஒவ்வொரு முறையும் இதைச் செய்ய வேண்டிய தேவை சிறு தயாரிப்பாளருக்கு இல்லை. புதிய இடத்திலிருந்து வாங்கும்போதும், நுண்ணோக்கியும் நிறப்பிரிகையும் ஒன்றுக்கொன்று முரண்படும்போதும் செய்தால் போதும்.

உலோகம், பூஞ்சை நஞ்சு, கிருமி

செடி அசலாக இருந்தாலும் வளர்ந்த மண்ணும் உலர்த்திய இடமும் கெட்டதாக இருக்கலாம். ஆயுர்வேத, சித்த, யுனானி மூலிகை மருந்துகளுக்கு இந்தியாவில் பின்பற்றப்படும் உச்சவரம்பு ஈயம் 10, ஆர்சனிக் 3, பாதரசம் 1, காட்மியம் 0.3 பி.பி.எம். (பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவு) ஆகும். சாலையோரத்திலும் ஆலைக் கழிவு பாயும் நிலத்திலும் சேகரித்த பற்படாகம், கோரைக்கிழங்கு போன்றவற்றில் ஈயத்தையும் காட்மியத்தையும் முதலில் சோதிக்க வேண்டும். பயிரிட்ட சரக்கு என்றால் பூச்சிக்கொல்லி எச்சம் பார்ப்பது கட்டாயம். உழவர் எந்த மருந்து தெளித்தார் என்று கேட்டு எழுதி, அதையும் ஆய்வகத்துக்குச் சொன்னால் சரியான பட்டியலைத் தேர்ந்தெடுத்துச் சோதிப்பார்கள்.

'காய்ச்சித்தானே குடிக்கிறார்கள், கிருமி எப்படி இருக்கும்' என்று கேட்பவர்கள் உண்டு. கொதிநிலையில் பெரும்பாலான கிருமிகள் இறக்கும் என்பது உண்மை. ஆனால் சில பாக்டீரியாக்களின் வித்துகள் பிழைத்துக்கொள்ளும். அதைவிட முக்கியமாக, பூஞ்சணம் உண்டாக்கும் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு கொதிநீரின் வெப்பத்தில் அழியாது. மழைக்காலத்தில் சரியாக உலராமல் மூட்டை கட்டிய சுக்கிலும் மிளகிலும் இந்த ஆபத்து கூடுதல். ஐரோப்பிய ஃபார்மகோபியா அஃப்ளடாக்சின் பி1க்கு கிலோவுக்கு 2 மைக்ரோகிராமும், நான்கு வகைகளும் சேர்ந்து 4 மைக்ரோகிராமும் உச்சவரம்பாக வைத்திருக்கிறது. ஏற்றுமதி நோக்கம் உள்ளவர்கள் இந்த எண்களையே இலக்காகக் கொள்ளலாம். உள்நாட்டுத் தரநூலின்படி மொத்த பாக்டீரியா கிராமுக்கு 1,00,000க்கு மிகாமலும், பூஞ்சையும் ஈஸ்ட்டும் 1,000க்கு மிகாமலும் இருக்க வேண்டும், ஈ.கோலை, சால்மொனெல்லா, ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ், சூடோமோனாஸ் ஏருஜினோசா ஆகியவை இருக்கவே கூடாது.

ஆய்வகத்தைத் தேர்வதும் அறிக்கையைப் படிப்பதும்

மருந்து மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டத்தின் கீழ், ஆயுர்வேத, சித்த, யுனானி மருந்துகளைச் சோதிக்க ஒப்புதல் பெற்ற ஆய்வகங்கள் தனியே இருக்கின்றன. உரிமத் தேவைக்கான அறிக்கை அவற்றிலிருந்து வர வேண்டும். ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியமான என்.ஏ.பி.எல்.லின் அங்கீகாரம் இருக்கிறது என்று விளம்பரப் பலகை சொன்னால் மட்டும் போதாது. அந்த அங்கீகாரம் குறிப்பிட்ட பொருளுக்கும் குறிப்பிட்ட சோதனைக்கும் தரப்படுவது. குடிதண்ணீரிலும் உணவிலும் உலோகம் அளக்க அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் மூலிகை அடையாளம் காணத் தெரிந்தவர் ஒருவரும் இல்லாமல் இருக்கலாம். அங்கீகாரத்தின் எல்லைப் பட்டியலைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். மூலிகைத்தாவரவியலில் பயிற்சி பெற்றவர் இருக்கிறாரா, விலாமிச்சைக்கு ஒப்பீட்டு மாதிரி வைத்திருக்கிறார்களா என்ற இரண்டு கேள்விகளைத் தொலைபேசியில் கேட்டாலே ஆய்வகத்தின் தன்மை பாதி புரிந்துவிடும்.

அறிக்கை வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது முடிவை அல்ல, ஒவ்வொரு சோதனைக்கும் எதிரே எந்த முறை, எந்தத் தரநூல், என்ன வரம்பு என்று எழுதியிருக்கிறதா என்பதை. 'கண்டறியும் அளவுக்குக் கீழ்' என்று மட்டும் எழுதியிருந்தால் அந்த அளவு எத்தனை என்று கேட்க வேண்டும். காட்மியத்துக்கு 0.3 பி.பி.எம். வரம்பு இருக்கும்போது 1 பி.பி.எம். வரை மட்டுமே காணக்கூடிய கருவியில் 'இல்லை' என்று வருவதற்குப் பொருளே இல்லை. 'வாடிக்கையாளர் கொடுத்த மாதிரிக்கு மட்டும்' என்ற வரி ஏறத்தாழ எல்லா அறிக்கைகளிலும் இருக்கும். அந்த மாதிரிக்கும் கிடங்கில் உள்ள மூட்டைகளுக்கும் உள்ள தொடர்பை நம் மாதிரிப் பதிவேடுதான் நிறுவ வேண்டும். எனவே அறிக்கை எண்ணை மூட்டைகளின் மேல் ஒட்டிய சீட்டிலும், தயாரிப்புத் தொகுதிப் பதிவிலும் எழுத வேண்டும்.

வரம்பை ஒட்டி வரும் முடிவுகளில், அதாவது அமிலத்தில் கரையாச் சாம்பல் சிறிதளவு கூடியிருப்பது போன்றவற்றில், வேரை மறுபடி அலசி உலர்த்தி மீண்டும் சோதிக்கலாம். ஈரம் கூடியிருந்தால் உலர்த்தி, கிருமிச் சோதனையையும் புதிதாகச் செய்யலாம். அடையாளத்தில் தோற்ற சரக்குக்கும், உலோகத்திலோ அஃப்ளடாக்சினிலோ வரம்பு மீறிய சரக்குக்கும் இத்தகைய மறுவாய்ப்பு கிடையாது. நல்ல சரக்கோடு கலந்து அளவைக் குறைக்கும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அது குற்றத்தைப் பரப்புவதே தவிரத் தீர்வு ஆகாது. அத்தகைய மூட்டைகளைச் சிவப்புச் சீட்டு ஒட்டித் தனியறையில் வைத்து, அறிக்கையின் நகலோடு கொடுத்தவரிடம் திருப்பி அனுப்பி, பதிவேட்டில் குறிக்க வேண்டும். அவர் முடிவை ஏற்க மறுத்தால், இருவர் கையொப்பத்தோடு முத்திரையிட்டு வைத்த மூன்றாவது பங்கை இருவருக்கும் உடன்பாடான வேறோர் ஆய்வகத்துக்கு அனுப்பலாம். நம்மிடம் உள்ள பங்கை, அந்தச் சரக்கில் செய்த கடைசித் தொகுதிச் சூரணத்தின் காலாவதி நாள் தாண்டும் வரை உலர்ந்த, இருண்ட இடத்தில் வைத்திருக்க வேண்டும்.